முன்னும் பின்னும் ஆடும் மையவீரர்

1924ஆம் ஆண்டிலே கனடாவின் தேசிய ஹொக்கி லீக் முதன்முறையாக ஒரு தனிவீரருக்குப் பரிசு வழங்க முன்வந்தது. மொன்றியல் நகரத்து வைத்தியர் டேவிட் ஹார்ட் என்பவர் அன்பளிப்புச் செய்த கிண்ணம் அது. தன் அணிக்கு மிகப் பயன்பட்ட வீரர் எவரோ அவருக்கே அது உரியது என்பது விதி. அக்காலத்தில் லீக்கில் நான்கே அணிகள் இருந்தன. நான்கும் கனடிய அணிகள். பத்திரிகை எழுத்தாளர்கள் வாக்களித்தனர். வாக்குகளை எண்ணியபோது ஒட்டாவா அணியின் மையவீரர் பிராங் நைபோர் 37 புள்ளிகளும், மொன்றியல் அணியின் ஸ்ப்ரேக் கிளெக்ஹோர்ன் 36 புள்ளிகளும் பெற்றிருந்தனர். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் நைபோர் வென்றார்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. அப்பருவத்தில் லீக்கிலேயே அதிக கோல்களைப் போட்டவர் நைபோர் அல்லர். அவருடைய சொந்த அணியிலேயே சை டெனனி என்பவர் 22 கோல்கள் போட்டு முதலிடத்தில் நின்றார். கணக்கேட்டைத் திறந்து பார்த்தால் பரிசு டெனனிக்கே போயிருக்க வேண்டும். ஆட்டத்தை நேரிற் கண்டு எழுதியவர்கள் கணக்கேட்டை ஒருபுறம் வைத்துவிட்டு வேறெதையோ கருத்திற் கொண்டனர். அந்த வேறெதையோ என்பதற்கு ஒரு பெயரும் ஒரு பரிசும் அமைய இன்னும் ஐம்பத்துநான்கு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

பனித்தள ஹொக்கி நம் நாட்டார் கண்ணாற் கண்டு பழகிய விளையாட்டன்று. புல்தரையில் ஆடும் ஹொக்கியை நம் பாடசாலைகள் நன்கறியும். அதற்கும் இதற்கும் பெயரும் வளைந்த மட்டையும் பொதுவாயினும், நடையும் வேகமும் முற்றிலும் வேறு. ஆகவே தளத்தைச் சற்று மனக்கண் முன் நிறுத்திக்கொள்வது நன்று. இருநூறு அடி நீளமும் எண்பத்தைந்து அடி அகலமும் கொண்ட பனிக்கட்டித் தளம். நாற்புறமும் பலகை அடைப்பு. பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல விட்டமும் ஓரங்குலத் தடிப்பும் உடைய கறுத்த இறப்பர் வட்டு. ஒவ்வோர் அணியிலும் கோல் காப்பாளர் ஒருவர், தற்காப்பு வீரர் இருவர், முன்னணியினர் மூவர் என அறுவர். முன்னணியினர் மூவருள் இடமும் வலமும் செல்வோர் பக்கவீரர்கள். இடையே நிற்பவர் மையவீரர். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். கூரிய இரும்பு பதித்த காலணிகளோடு முழு மூச்சாய்ச் சறுக்கி ஓடுவதால் எவரும் தொடர்ந்து ஒரு நிமிடத்துக்கு மேல் தளத்தில் நிற்க விரும்புவதில்லை. முக்கால் நிமிடம் ஆடுவர். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பலகையைத் தாண்டி அமர்வர். அடுத்த மூவர் இறங்குவர்.

பக்கவீரருக்கு ஏறக்குறைய ஒரு தெரு வகுக்கப்பட்டிருக்கிறது. அவர் அதன் வழியே முன்னே போவார், அதன் வழியே திரும்புவார். மையவீரருக்கு அப்படி ஒரு தெரு இல்லை. எதிரணி கோலின் முன்னே வட்டை வாங்கி அடிக்க வேண்டியவரும் அவரே. வட்டு பறிபோன கணத்தில் இருநூறு அடி திரும்பி ஓடித் தம் கோலின் முன்னே தற்காப்பு வீரர் இருவருக்கும் மூன்றாமவராய் நிற்க வேண்டியவரும் அவரே. பக்கவீரர்கள் அப்பொழுது சற்று எட்ட நின்று, தூரத்திலிருந்து அடிக்கும் எதிரிகளைக் கவனிப்பார்கள். கோலின் வாயிலிலும் அதன் பின்புறத்து மூலைகளிலும் நிகழும் நெருக்கடி மையவீரரையே சேரும். இதற்கு மேலாக, ஆட்டம் நின்று மீளத் தொடங்கும்போதெல்லாம் நடுவர் இரு வீரர்களுக்கிடையே வட்டைப் போடுவார். தளத்தில் அதற்கென ஒன்பது புள்ளிகள் குறிக்கப்பட்டுள்ளன. அங்கே குனிந்து நின்று எதிரியோடு மட்டை கோத்து வட்டைத் தன் அணிக்கு இழுப்பதும் பெரும்பாலும் மையவீரரின் கடமை. தன் கோலுக்கு அருகே அந்த ஒரு கணத்தைத் தோற்றால் அடுத்த கணத்தில் கோல் விழக்கூடும்.

இவ்விரு கடமைகளையும் ஒருவரே குறைவறச் செய்வது அரிது. பெரும்பாலான மையவீரர்கள் ஒன்றிற் சிறந்து மற்றதிற் சோர்வர். இரண்டிலும் சிறந்தவரையே அந்நாட்டார் ‘டூ-வே சென்டர்’ என்று அழைப்பர். முன்னும் பின்னும் ஆடும் மையவீரர் என்பது அதன் கருத்து.

இக்கடமை எவ்வாறு மையவீரர் தலையில் வந்து ஏறியது என்பதும் அறியத் தக்கதே. 1875ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆம் தேதி மொன்றியல் நகரின் விக்டோரியா சறுக்குத் தளத்தில் நடந்த ஆட்டமே உள்ளரங்கில் ஒழுங்கு முறையாக நடந்த முதல் ஆட்டம் என்பர். அன்று ஓர் அணிக்கு ஒன்பது பேர் ஆடினர். பின்னர் அது எழுவராயிற்று. எழுவருள் ஒருவர் ‘றோவர்’, அதாவது திரிவோர். முன்னணிக்கும் பின்னணிக்கும் இடையே தேவை கண்ட இடத்துக்கு ஓடுவது அவர் தொழில். 1911ஆம் ஆண்டில், அந்நாளைய தேசிய ஹொக்கிச் சங்கம் இந்தத் திரிவோரை நீக்கி அணியை அறுவராகச் சுருக்கிற்று. ஆளை நீக்கினார்களே தவிர அவர் செய்துவந்த வேலையை நீக்க எவராலும் முடியவில்லை. அது மையவீரரிடம் வந்து சேர்ந்தது. கனடாவின் மேற்குக் கரையிலே வேறொரு லீக் 1922 வரை ஏழாவது ஆளைக் கைவிடாமல் வைத்திருந்ததென்பதைப் பார்க்கும்போது, அந்த வேலையின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது போலும்.

நைபோர் பிறந்தது ஒன்ராறியோ மாகாணத்துப் பெம்புறோக் என்னும் ஊரில், 1893இல். மெலிந்த உடலினர், அடிதடியில் இறங்காதவர். வலிமை மிக்க முரடர்கள் மலிந்த அந்த விளையாட்டில் அவர் கையாண்ட ஆயுதம் மட்டையின் நுனி மட்டுமே. வட்டைக் கொண்டு பாய்ந்து வரும் எதிரியை உடலால் மோதி வீழ்த்தாமல், சரியான கணத்தில் மட்டையை நீட்டி வட்டை மாத்திரம் குத்தித் தட்டிவிடுவார். மற்றொரு முறையும் இருந்தது. மட்டையைத் தளத்தோடு தளமாகச் சாய்த்து, கொக்கிபோல் வளைத்து வட்டை இழுத்துக்கொள்வது. இந்தக் கொக்கி முறையை ஜாக் வோக்கர் என்பவர் முன்னரே கைவரப்பெற்றிருந்தார் என்றும், போட் ஆதர் நகரில் அவரோடு ஒன்றாக ஆடிய காலத்தில் நைபோர் அதைக் கற்றுக்கொண்டார் என்றும் கூறுவர்.

அக்காலத்து விதிகளை நினைவிற் கொண்டால்தான் இதன் பெறுமதி புலப்படும். அன்று வட்டை முன்னோக்கித் தள்ளிக்கொடுக்கும் உரிமை தளத்தின் நடுப்பகுதிக்குள் அடங்கியிருந்தது; எதிரணியின் எல்லைக்குள் அவ்வுரிமை இல்லை. ஆகவே தாக்கச் செல்பவர் வட்டைத் தாமே மட்டையில் ஏந்திச் செல்லவேண்டும். ஏந்திச் செல்லும் வட்டைப் பறிக்க வல்லவர் ஒருவர் தளத்தின் நடுவே நின்றால் எதிரணியின் தாக்குதல் தொடங்குமுன்பே முடிந்துவிடும். பறித்த கணத்திலேயே எதிர்த் தாக்குதலும் தொடங்கிவிடும். ஏனெனில் பறித்தவர் மையவீரர், அவர் முகம் எதிரணியின் கோலை நோக்கியே இருக்கிறது. நைபோர் கோல் போடத் தெரியாதவர் என்று எவரும் எண்ணவேண்டா. 1916-17 பருவத்தில் அவர் 41 கோல்கள் போட்டு, அந்நாளில் கோல் மழை பொழிந்த ஜோ மலோனுக்குச் சமமாக நின்றார். 1920, 1921, 1923, 1927 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஒட்டாவா அணி ஸ்டான்லி கிண்ணத்தை வென்றபோது அதன் நடுவில் நின்றவர் அவரே. அதற்கு முன் 1915இல் வன்கூவர் அணியோடும் ஒரு முறை வென்றிருந்தார்.

1925ஆம் ஆண்டில், கனடாவின் தேசாதிபதியாயிருந்த பைங் பிரபுவின் மனைவியார் கண்ணியமாக ஆடும் வீரருக்கென ஒரு கிண்ணம் வழங்க விரும்பி, நைபோரைத் தம் மாளிகைக்கு அழைத்து, லீக் இதனை ஏற்குமா என்று வினவி, ஏற்கும் என்றதும் முதற் கிண்ணத்தை அவர் கையிலேயே கொடுத்தார் என்ற செய்தி பலராலும் சொல்லப்படுவது. அதே ஆண்டு வோக்கரும் தம் கொக்கியை உலகறியச் செய்தார். ஸ்டான்லி கிண்ண இறுதியில் விக்டோரியா அணிக்காக ஆடிய அவர், மொன்றியல் அணியின் மின்னல் வேகத்து மையவீரர் ஹொவி மொறென்ஸை அடக்கி ஆண்டார். தேசிய ஹொக்கி லீக்கைச் சாராத ஓர் அணி அக்கிண்ணத்தை வென்றது அதுவே கடைசி முறை.

பின்னர் விதிகள் மாறின. 1928-29 பருவத்தில் கோல்கள் பஞ்சமாய்ப் போயின. மொன்றியல் கோல் காப்பாளர் ஜோர்ஜ் ஹெயின்ஸ்வேர்த் 44 ஆட்டங்களுள் 22 ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு கோலும் விடவில்லை. பார்வையாளர் சலிப்படையவே, அடுத்த பருவத்தில் தளமெங்கும் வட்டை முன்னோக்கித் தள்ளிக்கொடுக்க அனுமதித்தனர். உடனே கோல்கள் பெருகின. பொஸ்ரன் அணியின் கூனி வைலண்ட் 44 ஆட்டங்களில் 73 புள்ளிகள் பெற்றார். அதற்கு முன்னைய உச்சம் மொறென்ஸ் பெற்ற 51. கோலைப் போட்டவருக்கு ஒரு புள்ளி, அதற்கு வட்டை எடுத்துக்கொடுத்தவருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கே வீரரின் மதிப்பை அளக்கும் படியாயிற்று. 1948 முதல் அப்புள்ளிகளில் முதல்வருக்கு ஆர்ட் றொஸ் கிண்ணம் கிடைத்தது. 1954 முதல் சிறந்த தற்காப்பு வீரருக்கும் ஒரு பரிசு கிடைத்தது. முன்னணியில் நின்றுகொண்டே தற்காப்பும் செய்பவருக்கு, பிராங் செல்கியின் பெயரால் அமைந்த பரிசு 1978இல்தான் வந்தது. முதல் நான்கு முறையும் அதனை வென்ற மொன்றியல் அணியின் பொப் கெய்னி கூட மையவீரரல்லர், இடப் பக்கவீரர்.

போடப்பட்ட கோலை எண்ணலாம். விழாமற் போன கோலை எவ்வாறு எண்ணுவது? இந்தச் சிக்கல் ஒரு வீரருடைய வாழ்வையே இரண்டாக வகுத்த கதை டெற்றோயிற் நகரில் நடந்தது.

ஸ்டீவ் ஐசர்மன் 1965இல் பிரிட்டிஷ் கொலம்பியாவிற் பிறந்தவர். 1983இல் டெற்றோயிற் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஒரு காலத்தில் பெருமையோடு விளங்கிய அவ்வணி 1955க்குப் பின் ஸ்டான்லி கிண்ணத்தைத் தொட்டதில்லை. அக்காலத்திலோ நகரத்தாரே அதனைக் கேலி செய்யும் நிலையிற் கிடந்தது. 1986இல், இருபத்தொரு வயதிலேயே, ஐசர்மன் அணித்தலைவரானார். 1988-89 பருவத்தில் 65 கோல்கள் போட்டு, 90 கோல்களுக்கு உதவி, 155 புள்ளிகள் குவித்தார். ஒரே பருவத்தில் அதற்கு மேற் குவித்தவர்கள் கிறெற்ஸ்கி, லெமியூ என்னும் இருவர் மாத்திரமே. கணக்கேட்டின்படி இதற்கு மேல் ஒரு மையவீரரிடம் கேட்க ஒன்றுமில்லை. ஆயினும் கிண்ணம் வரவில்லை. 1993இல் அவர் 137 புள்ளிகள் பெற்றும், அணி முதற் சுற்றிலேயே ரொறன்ரோவிடம் ஏழாவது ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் தோற்றது.

அவ்வாண்டு பயிற்றுநராக வந்தவர் ஸ்கொட்டி போமன். மொன்றியல் அணிக்கு ஐந்து முறையும் பிற்ஸ்பேர்க் அணிக்கு ஒரு முறையும் கிண்ணம் வென்று கொடுத்தவர். அவர் தம் மையவீரர்களிடம் வேண்டியது ஒன்று: வட்டு இல்லாதபோதும் ஆடவேண்டும். 1994இல் சான் ஹொசே என்னும் இளம் அணியிடம் டெற்றோயிற் மீண்டும் முதற் சுற்றில் வீழ்ந்தது. 1995இல் லீக்கிலே முதலிடம் பெற்று இறுதி வரை சென்றது. அங்கே எதிர்நின்ற நியூ ஜேர்சி அணியின் பயிற்றுநர் ஜாக் லெமேர். இவர் வேறு யாருமல்லர். எழுபதுகளில் மொன்றியலில் இதே போமனின் கீழ் முன்னும் பின்னும் ஆடிய மையவீரர். மாணாக்கர் ஆசிரியருக்குப் பாடம் எடுத்தார் என்றே சொல்லவேண்டும். தளத்தின் நடுவே வலை விரித்தாற்போல் ஐவரையும் நிறுத்தி, டெற்றோயிற் அணியின் வேகமெல்லாம் அங்கேயே சிக்கி மடியும்படி செய்தார். நான்கு ஆட்டங்களிலும் டெற்றோயிற் தோற்றது. நான்கிலும் சேர்த்து அது போட்ட கோல்கள் ஏழு.

அவ்வாண்டில் ஐசர்மனை ஒட்டாவா அணிக்கு மாற்றிவிடப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே நகரத்துக்கு ஆடியவர், லீக்கின் பெரும் புள்ளிகாரருள் ஒருவர், பண்டமாற்றுப் பொருளாக நிற்கவேண்டிய நிலை. புதிய பருவத்தின் தொடக்கத்தில் டெற்றோயிற் அரங்கில் அவர் பெயர் ஒலித்தபோது இரசிகர்கள் எழுந்து நீண்ட நேரம் ஆரவாரித்தனர். மாற்றம் நிகழவில்லை. மாறியது அவருடைய ஆட்டம். அது ஒரே நாளில் மாறியதன்று, போமன் வந்த நாள் முதலே சிறிது சிறிதாக மாறிவந்தது. 1995-96இல் 95 புள்ளிகள், அடுத்த பருவத்தில் 85, அதற்கடுத்ததில் 69. வயது முப்பதைக் கடந்திருந்ததும், லீக் முழுவதிலுமே கோல்கள் குறைந்துவந்ததும் இவ்வீழ்ச்சிக்கு ஓரளவு காரணம். எஞ்சியது அவர் விரும்பிக் கொடுத்தது.

அது என்ன ஆட்டம் என்பதை 1996ஆம் ஆண்டு மே 16ஆம் தேதியன்று கண்டார்கள். சென்ற் லூயிஸ் அணியோடு ஏழாவது ஆட்டம். மூன்று பகுதிகளும் முடிந்து, மேலதிகப் பகுதி ஒன்றும் முடிந்து, இருபுறமும் கோலே இல்லை. இரண்டாவது மேலதிகப் பகுதி தொடங்கிச் சற்று நேரத்தில், தளத்தின் நடுவே சென்ற் லூயிஸ் அணியின் கிறெற்ஸ்கி வட்டைக் கையாளத் தவறினார். ஆம், உலகத்தின் முதல்வரென மதிக்கப்பட்ட அதே கிறெற்ஸ்கிதான். அருகே நின்ற ஐசர்மன் வட்டைப் பற்றினார். ஓரிரு சறுக்கல்களில் நீலக்கோட்டைத் தாண்டினார். அங்கிருந்தே ஓங்கி அடித்தார். வட்டு கோல் காப்பாளரின் தோளுக்கு மேலாய்ச் சென்று வலையின் மேல்மூலையில் விழுந்தது. கணக்கேட்டில் அது ஒரு கோல், ஒரு புள்ளி. எதிரியின் கையிலிருந்த தாக்குதல் ஒன்று அங்கே அழிந்ததற்கு ஏட்டில் இடமில்லை.

அவ்வாண்டும் கிண்ணம் கிட்டவில்லை. பருவத்தில் 62 ஆட்டங்களை வென்று புதிய சாதனை படைத்தும், கொலராடோ அணியிடம் தோற்றார்கள். 1997இல் கிட்டியது. இறுதியில் எதிர்த்தவர்கள் பிலடெல்பியா அணியினர். அவர்களுடைய மையவீரர் எறிக் லிண்ட்றோஸ் மலைபோன்ற உடலினர், வயது இருபத்துநான்கு. அவருடைய மூவரணியைப் பயமறியாது மோதி அடக்கக்கூடிய தற்காப்பு வீரர்களைப் போமன் அனுப்புவார் என எல்லோரும் எதிர்பார்த்தனர். அவரோ லிட்ஸ்ட்றோம், மேர்பி என்னும் சாந்தமான இருவரை அனுப்பினார். மோதவேண்டிய தேவையே எழாதபடி வட்டைத் தம் வசம் வைத்திருப்பதே அவர் திட்டம். அதற்கு வட்டை வெல்லும் மையவீரர்கள் வேண்டும். அவரிடம் அத்தகையோர் இருவர் இருந்தனர். லிண்ட்றோஸ் அத்தொடரில் ஒரே ஒரு கோல்தான் போட்டார். அதுவும் நாலாவது ஆட்டம் முடியப் பதினைந்து விநாடி இருக்கையில். 1997 ஜூன் 7ஆம் தேதி, நாற்பத்திரண்டு ஆண்டுகளின் பின் கிண்ணம் டெற்றோயிற் நகருக்கு வந்தது.

இரண்டாமவர் சேர்கேய் பெடரோவ். 1969இல் ரஷ்யாவின் பிஸ்கோவ் நகரிற் பிறந்து, மொஸ்கோ இராணுவ அணியிற் பயின்று, 1990இல் அமெரிக்காவில் ஆடச் சென்றிருந்த சோவியத் அணியை விட்டு நீங்கி டெற்றோயிற் அணியிற் சேர்ந்தவர். தற்காப்புக்கும் தாக்குதலுக்கும் பகையில்லை என்பதற்கு அவருடைய 1993-94 பருவமே சான்று. 56 கோல்கள், 120 புள்ளிகள். லீக்கில் அவருக்கு முன்னே நின்றவர் கிறெற்ஸ்கி ஒருவரே. அந்த ஆண்டிலேயே ஹார்ட் கிண்ணமும் செல்கி பரிசும் அவருக்குக் கிடைத்தன. இரண்டையும் ஒரே பருவத்தில் வென்றவர் அவரன்றி வேறொருவரும் இல்லை. ஐசர்மன் பெற்றதை விட்டுக்கொடுத்து இந்நிலையை அடைந்தார். பெடரோவோ எதையும் விடாமலே அடைந்தார் என்று தோன்றும். ஒருவேளை சோவியத் பயிற்சியில் ஐவரும் ஒன்றாய் முன்னேறி ஒன்றாய்ப் பின்வாங்கும் பழக்கம் இளமையிலேயே ஊறியிருந்தமை அதற்குக் காரணமாகலாம்.

டெற்றோயிற் வெற்றியை இவ்விரு மையவீரர் தலையில் மாத்திரம் சுமத்துவது நியாயமன்று. 1997இன் கிண்ணச் சுற்றிற் சிறந்த வீரர் என்ற பரிசு கோல் காப்பாளர் மைக் வேர்ணனுக்கே போயிற்று. லிட்ஸ்ட்றோம் போன்ற தற்காப்பு வீரர் எந்த அணிக்கும் எளிதில் வாய்ப்பவரல்லர். எண்பதுகளின் எட்மன்ரன் அணியைக் காட்டி, கோல் மழையாலேயே கிண்ணங்களை அள்ளலாமே என்று வாதிப்போரும் உளர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. 1984க்கும் 1988க்கும் இடையில் அவர்கள் நான்கு முறை வென்றார்கள். ஆனால் அதற்கு முந்திய ஆண்டில், 1983 இறுதியில், அதே எட்மன்ரன் அணி நியூ யோர்க் ஐலண்டர்ஸ் அணியிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் கிண்ணம் வென்ற அந்த ஐலண்டர்ஸ் அணியின் மையத்தில் நின்றவர் பிறையன் ட்றொட்டியே. கோலும் போட்டு, எதிரியையும் மறித்து, மூலைகளிலும் மோதி ஆடிய முழுவீரர் அவர்.

மற்றொரு குறையையும் மறைக்கவேண்டியதில்லை. நியூ ஜேர்சியின் வெற்றியைக் கண்ட பயிற்றுநர் பலர், திறமை குறைந்த அணிகளிலும் அதே வலையை விரித்தார்கள். பறிக்கத் தெரிந்த மையவீரர் இல்லாத இடத்தில் மறிக்க மட்டும் தெரிந்தவர்களை நிறுத்தினார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஆட்டம் உயிரற்றுப் போனதற்கு அது பெருங்காரணம். 2004-05 பருவம் உரிமையாளர்க்கும் வீரர்க்கும் இடையே ஏற்பட்ட தகராறினால் முழுமையாகவே கைவிடப்பட்டது. ஆட்டம் மீளத் தொடங்கியபோது நீண்ட தூரம் வட்டைத் தள்ளிக்கொடுப்பதற்கு இருந்த தடையை நீக்கினார்கள். தற்காப்பே ஆட்டம் என்று கொள்வதற்கும், தற்காப்பிலிருந்து தாக்குதலைப் பிறப்பிப்பதற்கும் உள்ள வேற்றுமையை நைபோரின் மட்டை முன்பே காட்டியிருந்தது.

ஐசர்மனுக்கு 1998இலும் கிண்ணம் கிடைத்தது. அம்முறை கிண்ணச் சுற்றின் சிறந்த வீரரும் அவரே. 2000ஆம் ஆண்டில் செல்கி பரிசு அவரைத் தேடி வந்தது. ஒரு காலத்தில் 155 புள்ளி குவித்தவருக்குத் தற்காப்புக்கான பரிசு! 2002இல், வலது முழங்கால் தேய்ந்து, ஆட்டத்தின் நடுவே விழுந்தால் மட்டையை ஊன்றி எழவேண்டிய நிலையிலும் ஆடி மூன்றாவது முறை கிண்ணத்தை ஏந்தினார். பின்னர் காலெலும்பை அறுத்துச் சீர்செய்யும் சிகிச்சைக்கு உட்பட்டு, அடுத்த பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். 2006இல் ஓய்வு பெற்றபோது இருபது பருவங்களுக்குச் சற்றுக் கூடுதலான அவரது வாழ்வு முழுவதும் ஒரே அணியில் கழிந்திருந்தது.

அவருக்குப் பின் இவ்வகை வீரரின் மதிப்பை எவரும் விளக்கிச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. டெற்றோயிற் அணியிலேயே பாவெல் டற்சியுக் 2008 முதல் 2010 வரை மூன்று முறை தொடர்ந்து செல்கி பரிசை வென்றார். பொஸ்ரன் அணியின் பற்றிஸ் பேர்ஜறோன் 2012க்கும் 2023க்கும் இடையில் ஆறு முறை வென்றார். வேறெவரும் அத்தனை முறை வென்றதில்லை. 2013 இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தை அவர் முறிந்த விலாவெலும்போடும் விலகிய தோளோடும் ஆடினார். ஆட்டம் முடிந்து வைத்தியசாலைக்குச் சென்றபோது நுரையீரலும் துளைபட்டிருந்தது தெரியவந்தது.

2018 ஜூலை மாதத்தில் சென்ற் லூயிஸ் அணி, பஃபலோ அணியிடமிருந்து றயன் ஓறைலி என்னும் மையவீரரைப் பெற்றது. கோல்களின் கணக்கில் அவர் பெரும் பெயர் பெற்றவரல்லர். வட்டுப் போடும் இடத்தில் வெல்பவர், தண்டனைக்காகப் பெட்டியில் அமர நேரும் குற்றங்களை அரிதாகவே செய்பவர். 2019 ஜனவரி 3ஆம் தேதி காலையில் அவ்வணி லீக்கின் முப்பத்தொரு அணிகளுள் கடைசியாக நின்றது. ஜூன் மாதம் 12ஆம் தேதி, பொஸ்ரன் நகரத்தில், ஸ்டான்லி கிண்ண இறுதியின் ஏழாவது ஆட்டத்தை ஆடிற்று. எதிரே நின்ற மையவீரர் பேர்ஜறோன். முதற் கோலை ஓறைலி போட்டார். நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் சென்ற் லூயிஸ் வென்றது. 1967இல் லீக்கிற் சேர்ந்த நாள் முதல் அவ்வணி கண்ட முதற் கிண்ணம் அது. கிண்ணச் சுற்றின் சிறந்த வீரராகத் தெரிவான ஓறைலி, விலாவெலும்பில் வெடிப்போடு ஆடியிருந்தார். ஒரு வாரம் கழித்து லாஸ் வேகாஸ் நகரத்திலே பரிசளிப்பு நடந்தது. செல்கி பரிசுக்கு முன்மொழியப்பட்ட மூவருள் ஓறைலியும் பேர்ஜறோனும் இருந்தனர். பரிசு ஓறைலிக்குப் போயிற்று.